சக்கரமில்லாத ரதங்களின் ஊருக்கு

ஒரகடத்தில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் நின்றால், ராத்திரி பத்து மணிக்கும் கன்டெய்னர் லாரிகளின் சிவப்பு விளக்கு வரிசையாகத் தெரியும். கார், லாரி, புல்லட், டயர் என்று உருள்கிற சாமான் எதுவானாலும் இந்தப் பக்கம் ஒரு கம்பெனி இருக்கும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்த நாளாக ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு இதுவே பிழைப்பு. அதற்கும் முன்பே, 1990-இல், அங்கே கார்ப் பந்தயத் தடம் வந்துவிட்டது.

அக்கா மகளுக்குப் பத்து வயது. பிறந்தநாளுக்கு நான் வாங்கித் தந்த ஸ்கேட்போர்டை ஓட்டத்தான் இங்கே இடமில்லை. தெருவில் ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது. மெயின் ரோட்டைப் பற்றிப் பேச வேண்டாம். வழுவழுவென்ற கான்கிரீட் ஏக்கர் கணக்கில் இருக்கிறது, கேட்டுக்கு உள்ளே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, விற்காத மனைப்பிரிவு ஒன்றின் புதுச் சிமென்ட் சாலையில் அவளை இறக்கிவிட்டேன். பத்தே நிமிஷத்தில் செக்யூரிட்டி வந்துவிட்டார். "பாப்பா விழுந்துட்டா எங்க மேல வரும் சார்" என்றார். அவர் வேலை அவருக்கு.

"கமலி அக்கா எங்க மாமா ஓட்டுனாங்க?" என்று திரும்பும்போது கேட்டாள். அடுத்த வாரம் மாமல்லபுரத்துக்குக் கிளம்பிவிட்டோம்.

சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். மடியில் பலகையோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துப் பக்கத்துப் பாட்டி, "மணைக்கு எதுக்குடி சக்கரம்?" என்றார். இவள் அதைக் கவிழ்த்துப் பாடமே நடத்தினாள். சக்கரத்துக்கு ரெண்டு வீதம் எட்டு பேரிங். பலகையையும் சக்கரத்தையும் இணைக்கும் அச்சுக்குப் பெயர் டிரக். "எங்கப்பா கம்பெனியிலயும் டிரக்குதான் பண்றாங்க பாட்டி, அது பெரிசு." கொளவாய் ஏரி கடந்துபோனதை இருவருமே பார்க்கவில்லை.

அவள் சொல்லாமல் விட்டதை நான் நினைத்துக்கொண்டேன். 1970-களின் தொடக்கம் வரை இந்தச் சக்கரங்கள் களிமண்ணிலும் இரும்பிலும் இருந்தன. சின்னக் கல் தட்டினாலே ஆளைத் தூக்கி எறியும். அமெரிக்காவில் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர் பாலியூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் விளையாட்டு பிழைத்தது. என்ன சக்கரமானாலும் தரை வேண்டுமே.

கமலி மூர்த்தி மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துப் பெண். ஐந்து வயதிலேயே பலகையில் ஏறியவர். அமெரிக்க ஸ்கேட்டர் ஜேமி தாமஸ் அந்த ஊருக்கு வந்தபோது, கவுன் போட்ட வெறுங்கால் சிறுமியாகச் சரிவில் இறங்கிய கமலியின் படம் ஒன்று வெளியானது. அதை டோனி ஹாக் பகிர்ந்தார். 1999-இல் ஸ்கேட்போர்டோடு அந்தரத்தில் இரண்டரைச் சுற்று சுற்றி இறங்கிய முதல் ஆள் அவர். அவர் கண்ணில் பட்டால் உலகத்தின் கண்ணில் பட்ட மாதிரி. பெங்களூரில் அதிதா வர்கீஸ் 2015-இல் 'கேர்ள் ஸ்கேட் இந்தியா'வைத் தொடங்கிப் பெண்களைப் பலகையில் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டியே இதுவும் நடந்தது.

சாஷா ரெயின்போ எடுத்த 'கமலி' குறும்படம் 2019-இல் வந்தது. பேர் மகளுடையது, எனக்கு அது அம்மா சுகந்தியின் படம். தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, ஊர் வாயையும் சமாளித்துக்கொண்டு, "போய் விளையாடு" என்று மகளிடம் சொல்வதற்குப் பலகையில் நிற்பதைவிட அதிக தைரியம் வேண்டும். 2020 பாஃப்டா விருதில், பிரிட்டிஷ் குறும்படப் பிரிவின் ஐந்து படங்களில் இதுவும் ஒன்று. ஜெயித்தது காபூல் சிறுமிகள் ஸ்கேட்போர்டு பழகும் படம். ஐந்தில் இரண்டு, பலகையில் நிற்கும் பெண்பிள்ளைகள்! அந்தக் காபூல் படம் ஆஸ்கரும் வாங்கியது. நம் பெண் தோற்றதாக எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு கமலி அலைப்பலகைக்கு மாறினார். 2024-இல் மங்களூர்ப் பக்கம் நடந்த இந்திய ஓப்பன் சர்ஃபிங் போட்டியில் பெண்கள் பட்டம் அவருக்குத்தான். தரை கிடைக்காதவர்களுக்கு வங்காள விரிகுடா பெரிய மைதானம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஒரகடத்தில் கடலும் இல்லை.

மாமல்லபுரத்தில் இறங்கியதும் ஐந்து ரதம். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுக்கும் சக்கரமே இல்லையே மாமா" என்றாள். அப்பன் கம்பெனியில் இப்படி அனுப்பினால் தரச் சோதனையில் திருப்பிவிடுவார்கள்.

கமலியைத் தேடிப் போகவில்லை. வீட்டுக் கதவைத் தட்டி 'பார்க்க வந்தோம்' என்று நிற்பது எனக்குப் பிடிக்காத காரியம். கடற்கரைக்குப் போகும் சிமென்ட் சந்து ஒன்றில் போர்டை வைத்தோம். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் காலை மடக்கி வழிவிட்டார், அவ்வளவுதான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு பையன், "தாயேன், ஒரு ரவுண்டு" என்று வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, சந்தின் கோடி வரை போய்த் திரும்பினான். "முன்னாடி காலைப் பாரு, தரையைப் பாக்காத" என்று அவளுக்குச் சொன்னான். அவள் தரையைப் பார்த்தாள். முழங்கால் சிராய்ந்தது. மறுபடி ஏறினாள். நாலாம் தடவை பத்தடி போனது.

சாயங்காலம் வெண்ணெய் உருண்டைக்கல். அதன் பக்கத்துப் பாறைச் சரிவில் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கியே கல் மொழுமொழுவென்று பளபளக்கிறது. எத்தனை தலைமுறைக் கால்சட்டைகள் தேய்த்த பாலிஷோ! அங்கே காவலுக்கு நின்றவர் கல்லுக்கு அடியில் படம் எடுப்பவர்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். சறுக்குகிறவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போர்டை என் கையில் திணித்துவிட்டு, முழங்கால் பிளாஸ்திரியோடு மேலே ஏறிப்போய் வரிசையில் உட்கார்ந்தாள்.