நைந்த ஆடையும் வறண்ட ஓடையும்

உடுத்திய ஆடை நாள்பட நைவதைப் போல நம் உள்ளத்தினுள் ஈமானும் நைந்துபோகும்; ஆகவே அதைப் புதுப்பித்துத் தருமாறு அல்லாஹ்விடம் கேளுங்கள் என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை இமாம் ஹாகிம் (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த உவமை ஆழ்ந்து எண்ணத் தக்கது. பெருநாளுக்கு மட்டும் எடுத்து உடுத்தும் ஆடை பல ஆண்டுகள் புதிதாகவே இருக்கும். அன்றாடம் உடுத்தும் சட்டைதான் கழுத்துப் பட்டியிலும் முழங்கையிலும் முதலில் நையும். ஆகவே இந்த நபிமொழி, ஐவேளையும் தவறாமல் பள்ளிவாசலுக்கு வருகிறவரை நோக்கியே மிக அருகில் நின்று பேசுகிறது எனலாம்.

பாங்கு ஒலித்ததும் கால்கள் தாமாக நடக்கின்றன. கைகள் தாமாக உளூச் செய்கின்றன. நாவு தானாக ஓதுகிறது. ஸலாம் கொடுத்து முடிக்கும்போதுதான், இத்தனை நேரமும் உள்ளம் கடைக் கணக்கில் இருந்தது தெரிகிறது. தொழுகிற எவருக்கும் இந்த அனுபவம் புதிதன்று.

கொடைக்கானலில் இருபது ஆண்டுகளாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து முஸல்லாவை மடித்துக்கொண்டிருந்தபோது, ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அருகில் வந்து நின்றாள். "அத்தா, தொழும்போது நீங்க என்ன நினைப்பீங்க?" என்று கேட்டாள். மதரஸாவில் உஸ்தாத் அவர்கள் எல்லாப் பிள்ளைகளிடமும், வீட்டில் பெரியவர்களைக் கேட்டு வருமாறு சொல்லியிருந்தார்களாம். சிறு கேள்விதான். ஆயினும் உடனே சொல்லிவிடக் கூடிய விடையாக அது இல்லை. "நாளைக்குச் சொல்றேன்டா" என்றேன். அவளும் தலையசைத்துப் போய்விட்டாள்.

பிள்ளைகள் தொழுகையைப் புத்தகத்தில் கற்பதற்கு முன்பே நம் உடலிலிருந்து கற்றுவிடுகிறார்கள். நாம் குனிவதைப் பார்த்து ருகூஉவையும், நெற்றி வைப்பதைப் பார்த்து சுஜூதையும் பழகுகிறார்கள். உள்ளச்சத்தையும் அவ்வாறே நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நம்மிடம் வெறும் வழக்கம் மட்டும் இருந்தால், அவர்கள் கைக்குப் போய்ச் சேர்வதும் அதுவாகத்தான் இருக்கும். அவர்களுடைய பிள்ளைகளின் காலத்தில் அந்த வழக்கமும் எஞ்சுமா என்பது ஐயமே. அந்த இரவு முதல் என்னை விடாமல் பற்றிக்கொண்ட கவலை இதுதான்.

நான் வாழும் ஊரே களைத்த உள்ளங்களுக்காக எழுந்த ஊர். மதுரையில் 1834இல் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்களில் பலர் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் இரையாயினர். இளைப்பாற முதலில் சிறுமலையை நாடினர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்னர் பழனி மலையின் மேல், ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில், 1845இல் இரண்டு வீடுகளைக் கட்டினர். கொடைக்கானல் நகரின் தொடக்கம் அதுவே. மலைச்சாலை வருவதற்கு முன்பு பெரியகுளம் வழியாக நடந்தும், கூலியாட்கள் சுமந்த நாற்காலியில் அமர்ந்தும் ஏறினார்கள். உடல் தேறுவதோடு, ஆண்டு முழுவதும் பிறருக்குப் போதித்துத் தம் உள்ளம் வறண்டுபோனவர்கள் மீண்டும் தம் இறைவனை நாடுவதற்கும் கோடையில் இங்கே கூடினார்கள்.

இயேசு சபையைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவியர் 1895இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். இளந்துறவியர் பயிற்சி பெற்ற இடம் அது. அச்சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த முறைப்படி, முப்பது நாட்கள் பேச்சடக்கி, தனித்திருந்து, தம்மை ஆராயும் பயிற்சி அவர்களுக்கு உண்டு. இதனை 'ஞான ஒடுக்கம்' என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் அழைப்பார்கள். ஆண்டுதோறும் எட்டு நாட்கள் அதனைச் சுருக்கமாக மீண்டும் செய்வார்கள்.

என் கடைக்கு நாள்தோறும் வரும் முதியவர் ஒருவர், முன்பு கோயிலில் உபதேசியாராக இருந்தவர். மகளின் கேள்வி மனத்தில் உழன்ற நாட்களில் அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "ஐயா, தினமும் பூசைக்குப் போறீங்களே, மனசும் கூட வருமா?"

அவர் சிரித்தார். "பாய், நாற்பது வருஷமாப் போறேன். கால் தானாப் போகுது. மனசு சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாள்ல அஞ்சு நிமிஷம் கூட உட்காருன்னு எங்க சாமியார் சொல்லிக் கொடுத்தார். அதைத்தான் செய்யுறேன்."

இந்த அறிவுரை இஞ்ஞாசியாரின் நூலிலேயே உள்ளது என்பதைப் பின்னர் அறிந்தேன். உள்ளம் வறண்ட காலத்தில் முன்பு எடுத்த நல்ல முடிவுகளை மாற்றலாகாது, வணக்க நேரத்தைக் குறைக்கவும் கூடாது, மாறாகச் சற்று நீட்டிக்க வேண்டும் என்பது பதினாறாம் நூற்றாண்டில் அவர் வகுத்த விதி.

நம்முடைய அகீதாவும் அவர்களுடைய கொள்கையும் வேறு. ஏகத்துவத்தில் நமக்கு விட்டுக்கொடுத்தல் இல்லை. ஆயினும் கிறிஸ்தவர்களிடையே கற்றறிந்தோரும் துறவிகளும் உள்ளனர், அவர்கள் செருக்குக் கொள்வதில்லை என்று அல்லாஹ்வே அல்மாயிதா அத்தியாயத்தில் குறிப்பிடுகிறான். அந்த முதியவரின் சொல்லைக் கேட்டபோது, நம் வீட்டில் இருக்கும் செல்வத்தின் நினைவே எனக்கு வந்தது.

ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வேகம் உண்டு, ஒவ்வொரு வேகத்திற்கும் பின் ஒரு தளர்ச்சி உண்டு. அந்தத் தளர்ச்சியிலும் என் வழிமுறைக்குள் நின்றவர் நேர்வழி பெற்றவர் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை இமாம் அஹ்மத் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். தளர்ச்சி வராது என்று அவர்கள் கூறவில்லை. வரும்போது எங்கே நிற்க வேண்டும் என்று கூறினார்கள். நபியவர்களின் சபையில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்முன் தெரிகின்றன, மனைவி மக்களிடம் சென்றதும் பெரும்பகுதி மறந்துபோகிறது என்று கலங்கிய ஹன்ழலா (ரலி) அவர்கள், தம்மை நயவஞ்சகர் என்றே எண்ணினார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களும், தமக்கும் அப்படித்தான் நேர்கிறது என்றார்கள். இது ஒரு நேரம், அது ஒரு நேரம் என்று நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறியது முஸ்லிம் நூலில் உள்ளது. நபித் தோழர்களுக்கே நேர்ந்த நிலை நமக்கும் நேர்வதில் வியப்பில்லை. அவர்கள் அதற்காகக் கலங்கினார்கள் என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

ஆறுதலோடு எச்சரிக்கையும் உண்டு. அல்லாஹ்வின் நினைவுக்காக இறைநம்பிக்கையாளரின் உள்ளங்கள் பணிய இன்னும் நேரம் வரவில்லையா என்று அல்ஹதீத் அத்தியாயத்தின் 16ஆம் வசனம் கேட்கிறது. முன்பு வேதம் வழங்கப்பட்டோர் மீது நீண்ட காலம் கடந்ததால் அவர்களின் உள்ளங்கள் இறுகிப்போனதையும் அது நினைவூட்டுகிறது. இதைப் படித்து, பிறரைப் பற்றிய வசனம் என்று கடந்து செல்வது எளிது. ஆனால் வசனம் விளிப்பது நம்மை. காலம் நீள்வது எல்லாச் சமுதாயத்திற்கும் பொது. வழிப்பறி செய்து வாழ்ந்த ஃபுளைல் இப்னு இயாழ் (ரஹ்) அவர்கள், இரவில் ஒரு சுவரின் மேல் ஏறிக்கொண்டிருந்தபோது இந்த வசனத்தை யாரோ ஓதக் கேட்டு, நேரம் வந்துவிட்டது என்று இறங்கித் திரும்பினார்கள் என வரலாறு கூறுகிறது. பின்னாளில் மக்காவின் பெரும் வணக்கசாலிகளுள் ஒருவரானார்கள்.

அடுத்த வசனமோ, இறந்த பூமியை அல்லாஹ் உயிர்ப்பிக்கிறான் என்பதை அறிந்துகொள்ளச் சொல்கிறது. இந்த மலையில் வாழ்பவருக்கு அதன் பொருள் கண்முன்னே விரியும்.

பழனி மலையின் மேற்பகுதி ஒரு காலத்தில் புல்வெளியும், பள்ளத்தாக்குகளில் சோலைக் காடுகளுமாக இருந்தது. புல்லும் சோலையும் மழையை உறிஞ்சி வைத்து, கோடையில் சிறிது சிறிதாக ஓடைகளில் விட்டன. பின்னர் புல்வெளிகளில் சீகை மரமும் தைல மரமும் பைன் மரமும் பெருமளவில் நடப்பட்டன. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மலை முன்பைவிடப் பசுமையாகவே தெரியும். ஆனால் புல்வெளி மறைந்த இடங்களில் ஓடைகள் மெலிந்தன. வழக்கமாகிப்போன வணக்கமும் இத்தகையதே. பசுமைக்குக் குறைவில்லை; நீர்தான் வற்றியிருக்கும்.

வட்டக்கானல் பகுதியில் சோலையை மீட்கப் பாடுபடுவோர் கண்ட ஓர் உண்மை எனக்குப் பெரும் நம்பிக்கை அளிக்கிறது. அந்த அயல் மரங்களின் நிழலிலேயே சோலை மரக் கன்றுகள் தாமாக முளைத்து வளர்கின்றன. அவற்றை ஒரேயடியாக வெட்டினால் கன்றுகளும் வாடும். உள்ளம் ஒன்றவில்லை என்பதற்காகத் தொழுகையைத் தளர விடுகிறவர், கன்றுக்கு இருக்கும் ஒரே நிழலை வெட்டுகிறார். உள்ளம் ஒன்றவில்லை என்பதற்காக திக்ரை விட்டுவிடாதே, அதை அடியோடு மறந்திருப்பது அதில் கவனமின்றி இருப்பதைவிடக் கொடியது என்ற கருத்தை இப்னு அதாவுல்லாஹ் (ரஹ்) அவர்கள் தம் ஹிகம் நூலில் வலியுறுத்துகிறார்கள்.

இடம் மாறினால் உள்ளம் மாறிவிடும் என்றும் எண்ண வேண்டியதில்லை. தனிமை தேடிப் பாதிரிமார்கள் ஏறிய இந்த மலையே, ஏரியும் படகும் பூங்காவும் அமைந்து, கோடை விடுமுறையின் கூட்டத்தில் மூச்சுத் திணறுகிறது. குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களும் மதுரைக்கு அருகில் சிக்கந்தர் மலையில் நாற்பது நாட்கள் தனித்திருந்தார்கள் என்பர். தனிமை நல்ல மருந்துதான். ரமலானின் இறுதிப் பத்தில் இஃதிகாஃப் இருப்பதை நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழக்கமாக்கித் தந்தார்கள். ஆனால் பள்ளிவாசலின் மூலையில் அமர்ந்தபடி கைப்பேசியில் உலகைச் சுற்றுபவர் எந்த மலையேறியும் பயனில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095இல் பக்தாதின் பெரும் பதவியைத் துறந்து புறப்பட்டவர்கள். தொழுகைக்கு உயிரூட்டும் ஆறு பண்புகளை இஹ்யாவில் அவர்கள் எண்ணிக் காட்டுகிறார்கள்: உள்ளம் முன்னிற்றல், பொருளுணர்தல், மகத்துவம் எண்ணுதல், அச்சம், ஆதரவு, நாணம். உள்ளம் எதைப் பெரிதாகக் கருதுகிறதோ அதன் பின்னால்தான் செல்லும் என்பது அவர்கள் கண்ட காரணம். ஆகவே தொழுகைக்குள் மனத்துடன் போராடுவதற்கு முன், தக்பீருக்கு முன்பே அதன் கவலைகளைச் சற்று இறக்கி வைக்க வேண்டும்.

அதன்படி எங்கள் வீட்டில் சில சிறிய காரியங்களைத் தொடங்கினோம். பாங்கு ஒலிக்கும் முன்பே கடைக் கணக்கை எழுதி மூடிவிடுகிறேன். எழுதிவிட்டால் மனம் அதைச் சுமப்பதில்லை. வாரத்திற்கு ஒரு சிறு சூராவின் பொருளை மனைவியும் நானும் மகளும் சேர்ந்து படித்து, அந்த வாரம் முழுவதும் அதையே தொழுகையில் ஓதுகிறோம். இதுவே என் கடைசித் தொழுகையாக இருக்கலாம் என்று தக்பீருக்கு முன் ஒரு கணம் எண்ணுகிறேன். விடைபெறுபவர் தொழுவதைப் போலத் தொழுமாறு கூறும் நபிமொழி இப்னு மாஜாவில் உண்டு. மனம் வராத நாளில், அந்த முதியவர் சொன்னது போல, ஐந்து நிமிடம் கூடுதலாக அமர்ந்து இஸ்திஃக்ஃபார் செய்கிறேன். எல்லா நாளும் கண் நனைவதில்லை. ஆனால் சில நாட்களில் அல்ஃபாத்திஹாவின் ஒரு சொல் புதிதாகக் கேட்பது போல இருக்கிறது.

சிறிதானாலும் விடாமல் செய்வதே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, வானம் தெளிந்த நாட்களில் எல்லாம் அதே சூரியனைப் படம் எடுக்கிறார்கள். அந்தத் தொடர் நோக்கின் நடுவில்தான், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி விரைவதை 1909இல் எவர்ஷெட் கண்டறிந்தார். நம் ஐவேளையும் அதே சூரியனின் நடையைப் பார்த்தே அமைகிறது. நாள்தோறும் நோக்குபவருக்கே, காட்டப்படும் நாளில் அது தெரியும்.

மகளுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "அல்லாஹ் என்னைப் பார்க்கிறான்னு நினைக்க முயற்சி செய்யுறேன்டா. சில நேரம் மறந்துடுவேன். ஞாபகம் வந்ததும் திரும்பி வந்துடுவேன்." அவள் அதைத் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

யா அல்லாஹ், நைந்துபோன எங்கள் ஈமானை நீயே புதுப்பித்துத் தருவாயாக. இறந்த பூமிக்கு மழையைத் தருபவனே, இறுகிய எங்கள் உள்ளங்களுக்கு உன் நினைவின் ஈரத்தைத் தருவாயாக. எங்களையும் எங்கள் சந்ததியினரையும் உள்ளச்சத்துடன் தொழுகையை நிலைநாட்டுவோராக ஆக்குவாயாக. ஆமீன்.