வம்ச அட்டவணையில் எழுதியவையும் எழுதாதவையும்



கடந்த சில மாதங்களாக உங்களில் பலர் ஒரே காரியத்தைக் குறித்து என்னிடம் கேட்டுவருகிறீர்கள். ஆலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கலாமா, அதிலுள்ள தாத்தாவின் பெயரைப் படம் எடுத்துக்கொள்ளலாமா, குடும்ப மரம் ஒன்றை உண்டாக்கி இணையத்தில் வெளியிடுவது நல்லதுதானா என்பதே அது. நானும் ஆறு ஆண்டுகளாக என் தந்தைவழிக் குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி, எனக்கென்று வைத்திருக்கும் சிறிய இணையதளம் ஒன்றில் பகுதி பகுதியாக வெளியிட்டு வருகிறேன் என்பதை அறிந்தே கேட்கிறீர்கள். ஆகவே இந்த வாரம் அதையே எழுத நினைத்தேன்.

வேதத்தை ஆண்டுக்கொருமுறை வாசித்து முடிக்கிறவர்கள் முதலாம் நாளாகமத்துக்கு வந்ததும் நடையைக் கூட்டிவிடுவார்கள். முதல் ஒன்பது அதிகாரங்களும் பெரும்பாலும் பெயர்களே. நானும் அப்படி ஓடியவன்தான். பெயர்களைத் தேடத் தொடங்கிய பிறகு அந்த அதிகாரங்கள் எனக்கு வேறு விதமாகத் தோன்றுகின்றன. சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த ஜனங்களுக்கு அந்தப் பெயர்கள் வெறும் பழங்கதையல்ல. எஸ்றா இரண்டாம் அதிகாரத்தின் பிற்பகுதியைப் பாருங்கள். ஆசாரிய வம்சத்தார் சிலர் தங்கள் அட்டவணையைத் தேடுகிறார்கள், அது அகப்படவில்லை, அவர்கள் ஊழியத்திலிருந்து விலக்கப்படுகிறார்கள். ஏட்டில் பெயர் இல்லாமையால் குடும்பங்களின் பிழைப்பே போயிற்று. நெகேமியாவின் புத்தகமும் இதை மறுபடியும் சொல்லுகிறது. பெயர்ப்பட்டியல் என்பது யாருக்கும் தீங்கு செய்யாத பொருள் என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை நிதானமாய் வாசிக்கவேண்டும்.

மத்தேயுவின் முதல் அதிகாரம் உங்களுக்குத் தெரிந்ததே. அதில் இரண்டு காரியங்களைக் கவனிக்கிறேன். ஒன்று, ஆண்களின் பெயர்களே அடுக்கப்படும் அந்த அட்டவணையில், மரியாளுக்கு முன் நான்கு பெண்கள் வருகிறார்கள். தாமார், ராகாப், ரூத், பெயர் சொல்லப்படாமல் உரியாவின் மனைவியாகவே குறிப்பிடப்படும் பத்சேபாள். கெளரவம் பார்க்கிற எந்தக் குடும்பமும் முதலில் மறைத்திருக்கக்கூடிய வரலாறுகள் அவர்களுடையவை. மற்றொன்று, யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்னும் மூன்று ராஜாக்கள் விடப்பட்டிருக்கிறார்கள். நாளாகமத்தில் அவர்கள் இருக்கிறார்கள், மத்தேயுவில் இல்லை. பதினாலு பதினாலு தலைமுறைகளாக அவர் வகுத்துக்கொண்ட ஒழுங்கு அப்படி. மத்தேயு ராஜாக்களை விட்டார், தாமாரை விடவில்லை. விடுவது ஒன்று, மாற்றி எழுதுவது வேறொன்று. என் தளத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் எழுதும்போது இந்த வேறுபாட்டையே கைப்பிடித்து நடக்கிறேன்.

நமது திருநெல்வேலித் திருச்சபையின் அட்டவணையும் அப்படித்தான் தொடங்குகிறது. 1780-ஆம் ஆண்டின் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள், பல சாதியார். முதற்பெயர் குளோரிந்தா அம்மையாருடையது. பிராமண விதவை, ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்தவர். அந்த நிலையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சுவார்ட்ஸ் ஐயர் முதலில் இசையவில்லை. அதிகாரி இறந்த பின்னரே, 1778-ல், கொடுத்தார். 1785-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயத்தைக் கட்டுவித்தவரும் அவரே. இந்த வரலாற்றை மறைக்காமல் எழுதிவைத்தார்கள். இன்றும் அவரைப் பெருமையோடு நினைக்கிறோம்.

இனி என் குடும்பத்துக்கு வருகிறேன். தேடும் வேலையின் சிரமங்களைக் குறித்து அதிகம் சொல்லப்போவதில்லை. கணினியில் குடும்ப மரம் வரையும் மென்பொருள்கள் எல்லாருக்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு என்று எண்ணிக்கொள்கின்றன. நமக்கோ தகப்பனின் முதலெழுத்துதான். தலைமுறைக்குத் தலைமுறை முதலெழுத்து மாறுவதால், தேடும் கட்டத்தில் எதை அடிப்பது என்றே விளங்காது. பழைய கிரயப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். கொல்லம் 1053 என்றால் 1877 ஆவணியிலிருந்து 1878 ஆடி வரை. அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கொண்ட வீடுகளில், மேலே போகப்போகக் கிளைகள் விரிவதற்குப் பதிலாக ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். என் குடும்பத்தின் படம் மரத்தைவிட மீன்வலையையே ஒத்திருக்கிறது. இவை பொறுமையால் தீரும் சிரமங்கள்.

பொறுமையால் மட்டும் தீராதது என் பூட்டியின் பக்கம். என் பாட்டனாரின் தாயாரைக் குறித்து எங்கள் வீட்டில் வழங்கிவந்த கதை ஒன்று உண்டு. தாமிரபரணிக் கரையில் நன்செய் உள்ள வீட்டில் பிறந்து, நகையோடும் பாத்திரங்களோடும் வந்தவர் என்பது அது. பதிவேட்டில் கண்டது வேறு. 1878-ஆம் ஆண்டு, வயது சுமார் ஆறு, தகப்பன் பெயர், தாய் பெயர் என்னும் கட்டங்களில் ஒரு சிறு கோடு, அநாதை விடுதிப் பிள்ளை என்று ஒரு குறிப்பு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின் பிள்ளை அவர். அந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மிஷன் சபைகளோடு சேர்ந்தார்கள். பெயர் தெரியாத பெற்றோர் எங்கே மடிந்தார்களோ, அதற்கு ஏடு இல்லை.

அத்தைக்கு எண்பத்தெட்டு வயது. பூட்டியைக் கண்ணால் கண்டவர்களில் இப்போது உயிரோடிருப்பவர் அவர்கள் மட்டுமே. எதையும் வெளியிடுவதற்கு முன்னே அந்தப் பதிவின் நகலை எடுத்துக்கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அநாதைன்னு ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதிப் போடணுமாய்யா? ஆச்சி அந்த வார்த்தையை ஒருநாளும் சொன்னதில்லையே" என்றார்கள். நியாயமான கேள்வி. மரித்தோரைக் குறித்த உண்மை எனக்கு மட்டும் சொந்தமானதல்ல. பாட்டி மடியில் வளர்ந்த பிள்ளைக்கு அதில் என்னைவிட உரிமை அதிகம். நன்செய்க் கதையை நான் எழுதப்போவதில்லை, அது மாற்றி எழுதுவதாகும். ஆனால் நீங்கள் வேண்டாம் என்றால் இதையும் எழுதாமல் வெறும் பெயரோடும் ஆண்டோடும் விட்டுவிடுகிறேன், அத்தை என்றேன்.

ஏழு மாதங்கள் அந்தப் பக்கம் அப்படியே கிடந்தது. பின்னர் அத்தையே கூப்பிட்டு அனுப்பினார்கள். நம் வீடுகளில் பிடியரிசிக் காணிக்கை எடுத்து வைப்பதை அறிவீர்கள்; உலையில் போடுமுன் ஒரு பிடி ஆலயத்துக்கு. ஆச்சி எப்போதும் இரண்டு பிடி எடுப்பார்களாம். ஒன்று ஆலயத்துப் பானையில். மற்றொன்று அடுக்களையின் மூலையிலிருந்த மூடிய கலயத்தில். அது யாருக்கு என்று கேட்டால் பதில் வராதாம். அந்தக் கலயத்தை வெறுமையாகக் கண்ட நாளே இல்லையாம். "இப்பதான்ய்யா விளங்குது. எழுது, அந்தக் கலயத்தையும் சேர்த்து எழுது" என்றார்கள். எழுதினேன். பெற்றோருக்குரிய இரண்டு கட்டங்களிலும், பதிவேட்டில் எழுதினவர் செய்ததுபோலவே ஒரு கோடு மட்டும் இட்டேன்.

உயிரோடிருப்பவர்களைக் குறித்த காரியம் வேறு. மரணம் பதிவாகாமலும் பிறந்து நூறு ஆண்டு கடவாமலும் இருக்கும் எவருடைய விவரமும் என் தளத்தில் இராது. "உயிருடன்" என்னும் ஒரு சொல்லே இருக்கும். வங்கியில் அடையாளம் உறுதிசெய்யத் தாயாரின் திருமணத்துக்கு முந்தைய பெயரையும் பிறந்த தேதியையும் கேட்கிறார்கள் அல்லவா? அவ்விரண்டையும் அழகாக வரைந்து உலகத்துக்குக் காட்டுவதே குடும்ப மரம். உறவினர் சிலர் தங்கள் பேரப்பிள்ளைகளின் படங்களைச் சேர்க்கச் சொல்லிக் கோபித்துக்கொண்டார்கள். கோபம் ஆறிவிட்டது.

சாதியையும் நான் எழுதுவதில்லை. பழைய பதிவேடுகள் சிலவற்றில் அது இருக்கிறது. வெளியூரிலிருந்து ஒருவர் அழைத்து, இன்ன குடும்பத்தில் நான்கு தலைமுறையும் வேற்றுச் சாதிச் சம்பந்தம் இல்லை என்று உங்கள் தளத்தைப் பார்த்து உறுதிசெய்யலாமா என்று கேட்டார். மகனுக்குப் பெண் பார்க்கிறாராம். கல்யாணத் தரகு என் ஊழியம் அல்ல என்று சொல்லி முடித்தேன்.

இதைவிடக் கடினமான வேண்டுகோள் ஒன்றும் வந்தது. ஆளை அறிய முடியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். தூரத்து உறவுமுறைத் தம்பி ஒருவர், தம் பாட்டனாரின் ஞானஸ்நானத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடும்படி கேட்டார். அவர்கள் குடும்பம் இரண்டு தலைமுறைகளாக ஆலயத்துக்கு வருவதில்லை. பட்டியல் சாதிச் சான்றிதழோடு பிள்ளைகள் படிக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவரின் ஆணை அந்த நிலையை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவருக்கு இன்றும் இல்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவும் சான்றுகளுள் ஒன்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அவர் அச்சம் வீணானதல்ல.

அவருடைய வழியை நான் மெச்சவில்லை, நியாயந்தீர்க்கவும் இல்லை. ஒடுக்கப்பட்டவனின் துன்பம் ஞானஸ்நானத்தோடு நின்றுவிடுகிறது என்று கருதும் சட்டத்தைக் குறித்து எனக்குச் சொல்ல உண்டு. அது மற்றொரு வாரத்துக்கு. அந்தக் கிளை முழுவதையும் எடுத்துவிட்டேன். "இங்கே ஒரு கிளை வெளியிடப்படவில்லை" என்ற குறிப்புகூட இடவில்லை, குறிப்பே தேட வைக்கும். என் வீட்டிலுள்ள கைப்பிரதியில் அந்தப் பாட்டனாரின் பெயர், ஞானஸ்நான நாள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஏட்டைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை. தெருவில் நின்று அதை வாசிக்கவேண்டும் என்ற கட்டளையும் இல்லை.

நமது பதிவேடுகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை மாலையில் வரலாம். தாள்கள் உதிர்கின்றன, கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். உங்கள் முன்னோரின் வரிகளை எழுதிக்கொள்ளுங்கள். பக்கம் முழுவதையும் படம் எடுக்க அனுமதியில்லை, அதே பக்கத்தில் வேறு வீட்டாரும் இருக்கிறார்கள்.

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. பூட்டியின் அடக்கப் பதிவைக் காணவில்லை. அத்தை 1949 என்கிறார்கள். ஆண்டு தவறினாலும் மழைக்காலம் என்பதில் சந்தேகமில்லையாம், குழிக்குள் தண்ணீர் ஊறி இறைத்தார்களாம். அடுத்த மாதம் அவ்வூர்ப் பதிவேட்டைப் பார்க்கப் போகிறேன். தாமும் வருவதாக அத்தை பிடிவாதமாய்ச் சொல்லுகிறார்கள். ஆலயத்துக்கு ஏழு படிகள் ஏறவேண்டும். வாலிபர் இருவர் நாற்காலியோடு தூக்கிச் செல்ல இசைந்திருக்கிறார்கள்.