எள்ளுக் கணக்கு

2023 ஜூன் 3

உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவுச் சான்று கைக்கு வந்தது. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்பதால் உரிமம் தேவையில்லை, பதிவு போதும். கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய்.

பலகை எழுதுபவர், "பாரம்பரியம், பாட்டி கைமணம்னு போட்டுரலாமுங்க்கா" என்றார். ஈரோட்டுப் பக்கம் பாதிக் கடைகளில் அந்த வரிதான் இருக்கிறது. 'மரச்செக்கு எண்ணெய். ஆட்டுவதைப் பார்க்கலாம்' என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

ஜூன் 10

சிவகிரி எள் இறங்கியது. செக்கு ஓட்டும் பெரியவர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். "இன்னும் ரண்டு வெய்யல் காயோணும் கண்ணு. ஈரத்தோட ஆட்டுனா எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிச்சுரும்." வாசலில் பரப்பியாயிற்று.

ஜூன் 14

கடை திறந்தோம். மதியம் ஓர் அம்மா விலை கேட்டுவிட்டு, "ஏனுங் அம்மிணி, லிட்டர் 420ஆ? பாக்கெட்டு எண்ணெய் இதுக்குக் கொறச்சலாக் கெடைக்குதே?" என்றார். உள்ளே கூப்பிட்டேன். அப்போதுதான் பெரியவர் தட்டிய கருப்பட்டியை எள்ளோடு சேர்த்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அதுவரை பொடிப்பொடியாகச் சுற்றிய எள் கெட்டிப்பட்டு உரலோரம் ஒட்டியது. நடுவில் எண்ணெய் ஊறி நின்றது.

"ரண்டரைக் கிலோ எள்ளு போட்டாத்தானுங் ஒரு லிட்டரு. கிலோ 150. எள்ளே 375 ஆயிருதுங். கருப்பட்டி, கரண்டு, கூலி அதுக்கு மேல."

"பிண்ணாக்கு?"

"அதை வித்துத்தானுங் கட்டுபடியாகுது."

அவர் வீட்டில் எருமை நிற்கிறது. அரை லிட்டர் எண்ணெயும் ஐந்து கிலோ பிண்ணாக்கும் வாங்கிக்கொண்டார்.

ஜூன் 17

அதே அம்மா பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. "ரண்டரைக் கிலோ எள்ளுங், ஒரு லிட்டருக்கு" என்று அவரே ஆரம்பித்துவிட்டார்! மனசு நிறைந்துபோனது. புதுக்கடையின் மேல் நம்பிக்கை வர, ஒரு வாடிக்கையாளர் அடுத்தவரிடம் எடுத்துச் சொல்லும்படி ஒரு விஷயம் இருந்தாக வேண்டும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

ஜூன் 21

இரண்டாவது செக்குக்கு முத்ரா கடன். 3 லட்சம் கேட்டிருப்பதால் 'கிஷோர்' பிரிவில் வரும். அது 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை. ஆடிட்டர் போட்டுத் தந்த திட்ட அறிக்கையை வங்கி மேலாளர் புரட்டிவிட்டு மூடி வைத்தார். "நீங்க சொல்லுங்கம்மா. எள்ளு வெலை ஏறுனா என்ன பண்ணுவீங்க?"

அறுவடை சமயத்தில் வாங்கிக் காயவைத்து இருப்பு வைப்பதையும், பிண்ணாக்குக்கு நிரந்தரமாக வரும் மாட்டுக்காரர்களையும் சொன்னேன். ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் செக்கைப் பார்க்க வருகிறாராம். கடன் அதற்குப் பிறகுதான் முடிவாகும்.