கேமரன் மலையில் குழியைத் தேடும் பந்து

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கேமரன் மலைக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்ற ஆசை நம் குடும்பங்களில் பலருக்கும் உண்டு. போகிறோம், தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கிறோம், சந்தையில் கோசும் சோளமும் வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறோம். ஆனால் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவில், சாலையோரமாகவே ஒரு பெரிய புல்வெளி விரிந்து கிடக்கிறதே, அங்கே எத்தனை பேர் வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள்?

"அது கோல்ப் திடல். பணக்காரர் ஆடுகிற ஆட்டம். நமக்கு அங்கே என்ன வேலை?" என்பீர்கள். வேலை இருக்கிறது, அன்பர்களே! இந்த முறை உங்களை அங்கேதான் அழைத்துப் போகப் போகிறேன். நன்றாக ஆடுகிறவரைப் பார்க்க அல்ல. ஆடத் தெரியாமல் திண்டாடுகிறவரைப் பார்க்க!

மலை ஏறுவோம்

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோ மீட்டர். வளைவுக்கு மேல் வளைவு. பிள்ளைகளுக்குத் தலை சுற்றும்; எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். லாத்தா இஸ்கண்டார் அருவியில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு புறப்பட்டால், ரிங்லெட்டைத் தாண்டும்போது குளிர்காற்று சன்னல் வழியே வந்துவிடும். ஈப்போ பக்கத்தார் சிம்பாங் பூலாய் வழியாக ஏறலாம். அவர்களுக்குப் பிரிஞ்சாங் முதலில் வரும். திடல் அதற்குப் பிறகு.

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதிக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சாலையும் மேலே வந்து சேர்ந்தது. சமவெளியின் புழுக்கம் தாங்காத வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்க் குளிரைத் தேடி இங்கே வந்தார்கள். பங்களா கட்டினார்கள். கூடவே கோல்ப் திடலும் போட்டுக்கொண்டார்கள். 1937-இல் எழும்பிய 'ஓல்ட் ஸ்மோக்ஹவுஸ்' விடுதி, ஆங்கிலேயக் கிராமத்து வீடு போன்ற தோற்றத்தோடு திடலின் ஓரத்தில் இன்றும் நிற்கிறது. காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகளில் நம்மவர் கைகளும் உண்டு என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இன்று சுல்தான் அகமட் ஷா பெயரைத் தாங்கிய கிளப்பின் திடல் அது. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே, சுற்றிலும் காட்டு மலைகள் காவல் நிற்க, 18 குழிகள் கொண்டது. காலையில் பனிமூட்டம் விலகும்போது அந்தப் புல்வெளியைப் பார்த்தால் கண்ணுக்கு அத்தனை குளிர்ச்சி!

ஆட்டம் சுலபம்தான், ஆனால்...

ஆட்டத்தின் விதி சின்னப் பிள்ளைக்கும் புரியும். தொடங்கும் மேட்டில் பந்தை வைக்க வேண்டும். தூரத்தில் கொடி நட்ட குழியில், எத்தனை குறைந்த அடியில் முடியுமோ அத்தனையில் அதைப் போட வேண்டும். ஒரு குழிக்கு மூன்று, நான்கு, அல்லது ஐந்து அடி என்று கணக்கு. இதைப் 'பார்' என்பார்கள். 18 குழிகளையும் கூட்டினால் பெரும்பாலான திடல்களில் 70, 72 என்று வரும்.

பந்தின் குறுக்களவு 43 மில்லி மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவு. குழியின் வாய் 108 மில்லி மீட்டர். நடுவில் 300, 400 மீட்டர் தூரம். மேடு, பள்ளம், மணல்குழி, மரக்கூட்டம். பந்து அசையாமல் கிடக்கிறது. பூப்பந்து போல எதிரே யாரும் அதைத் திருப்பி அடிப்பதில்லை. பிறகு என்ன கஷ்டம்?

வேலியோரம் நின்று, புதிதாகப் பழகுகிற ஒருவரைக் கவனியுங்கள். புதுச் சட்டை, புதுச் சப்பாத்து, பை நிறைய மட்டைகள். விதிப்படி 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். பந்தருகே நின்று காற்றில் இரண்டு முறை வீசிப் பார்க்கிறார். அடடா, என்ன அழகு! மூன்றாவது வீச்சு பந்துக்கு. 'விஷ்' என்று சத்தம். பந்து வைத்த இடத்திலேயே இருக்கிறது! அதுவும் ஓர் அடியாகக் கணக்கில் சேரும். அடுத்த அடியில் பந்துக்குப் பின்னால் தரை பெயர்ந்து, புல்லோடு மண்கட்டி பறக்கிறது. பந்து நாலு முழம் உருள்கிறது. அதற்கடுத்த அடி சரியாகப் பட்டதுபோல் இருக்கிறது. ஆனால் பந்து வலப்பக்கமாக வளைந்து காட்டுக்குள் போய்விடுகிறது. தேடுவதற்கு மூன்று நிமிடம்தான் அவகாசம். 2019-க்கு முன்பு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டம் போட்டுக்கொண்டு, அடித்த இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அடிக்க வேண்டும். பின்னால் அடுத்த கூட்டம் காத்து நிற்கிறது. மனிதர் முகம் சிவந்துபோகிறது.

18 குழி முடியும்போது இப்படிப்பட்டவருக்கு 120, 130 அடி ஆகிவிடும். மட்டையைத் தரையில் குத்துகிறவரும் உண்டு. 'இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்' என்று சபதம் செய்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கிறவரும் உண்டு!

கை அறிய நாளாகும்

ஏன் இப்படி ஆகிறது? பந்தை மேலே எழுப்ப வேண்டும் என்று புதியவர் அதன் அடியில் மட்டையை விட்டு அள்ளப் பார்க்கிறார். மட்டையின் முகம் ஏற்கனவே சாய்வாகச் செய்யப்பட்டது. சாதாரண இரும்பு மட்டையைக் கீழ்நோக்கி இறக்கினால் பந்து தானாக எழும்பும். அள்ளினால் தலையில் பட்டு உருளும். பலமாக அடித்தால் தூரம் போகும் என்று தோள்பலம் முழுவதையும் போட்டால் உடல் நிலை தடுமாறுகிறது. மட்டையின் முகம் ஐந்து டிகிரி கோணிக்கொண்டால் போதும். 150 மீட்டர் போவதற்குள் பந்து 13 மீட்டர் விலகிவிடும். வளைவு வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அடித்த பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் அவசரத்தில், அடிபடுவதற்கு முன்பே தலையைத் தூக்கிவிடுவது இன்னொரு கோளாறு.

இதைக் கேட்டதும் பால் வெட்டிய கைகளுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? உளியைப் பிடித்த முதல் வாரம் எப்படி இருந்தது? சாய்வு பிசகாமல், பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். உள்ளே மரத்தைத் தொடாமல் ஒரு மில்லி மீட்டர் அளவு பட்டையை மிச்சம் விட வேண்டும். ஆழம் குறைந்தால் மங்கில் பால் இல்லை. ஆழம் கூடினால் மரம் காயப்பட்டு, பின்னால் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். புது ஆள் வெட்டிய நிரையை மண்டோர் வந்து பார்த்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பிரட்டுக்களத்தில் நாலு பேர் முன்னிலையில் ஏச்சு விழும். அந்தக் கைதான் சில மாதங்களில், இருட்டு விலகாத நேரத்தில், நெற்றிவிளக்கு வெளிச்சத்தில், மரம் மரமாகப் பிசகாமல் வெட்டிக்கொண்டு போகும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்துத் துரைமார் சிலர், வாரநாளில் மரத்தைக் காயப்படுத்தினான் என்று தொழிலாளியைக் கடிந்துகொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கிளப் திடலில் புல்லைக் கொத்திக் கொத்திப் பெயர்ப்பார்கள். பெயர்ந்த புல்லை எடுத்துவைத்து மிதித்துவிட்டு, சிரித்துக்கொண்டே அடுத்த அடிக்குப் போவார்கள். அவர்களை யாரும் ஏசவில்லை. பழகுகிறவர் தவறு செய்வார் என்பது அந்தத் திடலில் எல்லாரும் ஒப்புக்கொண்ட சங்கதி.

நம் பாலும் அந்தப் பந்தும்

கோல்ப் நமக்குத் தொடர்பே இல்லாத ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் பழைய காலத்தில் தோல்பைக்குள் இறகுகளைத் திணித்துப் பந்து செய்தார்கள். விலை அதிகம், மழையில் நனைந்தால் வீண். 1848-ஆம் ஆண்டு வாக்கில் 'கட்டா பெர்ச்சா' பந்து வந்தது. அது வேறொன்றும் இல்லை. நம் மலாயாக் காடுகளிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் வளர்ந்த மரத்தின் பால். 'கெத்தா பெர்ச்சா' என்ற மலாய்ப் பெயரே ஆங்கிலத்துக்குப் போயிற்று. அந்தப் பாலுக்காக மரங்களையே வெட்டிச் சாய்த்தார்கள்.

1898-இல் அமெரிக்காவின் ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிப் புதுவகைப் பந்தை உருவாக்கினார். அதன் பிறகு பல பத்தாண்டுகள், பந்தின் வயிற்றில் இருந்தது ரப்பர் பால்தான். நம் பாட்டனும் பாட்டியும் விடியற்காலையில் வெட்டிய பாலும் எத்தனை பந்துகளில் சேர்ந்ததோ! இப்போதைய பந்துகளின் உள்ளே இருப்பது பெரும்பாலும் செயற்கை ரப்பர்.

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கும். கட்டா பெர்ச்சாப் பந்தை முதலில் வழுவழுப்பாகச் செய்தார்கள். புதுப்பந்து சரியாகப் பறக்காமல் விழுந்தது. ஆனால் பலமுறை அடிபட்டுக் கீறலும் தழும்புமாகிப் போன பழைய பந்து நேராகவும் தூரமாகவும் பறந்தது! அதைக் கண்டபிறகு புதுப்பந்திலேயே வேண்டுமென்று தழும்பு போட ஆரம்பித்தார்கள். 1905-இல் வில்லியம் டெய்லர் என்பவர் சின்னச்சின்னக் குழிகள் போடும் முறைக்கு உரிமை பெற்றார். இன்றைய பந்தின் மேல் 300-க்கும் அதிகமான குழிகள் இருக்கும். அவை பந்தை ஒட்டி ஓடும் காற்றைப் பிடித்துவைத்து, பின்னிழுக்கும் சக்தியைக் குறைக்கின்றன.

கையூட்டு அல்ல, கைகொடுப்பு

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஹேண்டிகேப்' என்ற ஏற்பாடு. ஒருவர் வழக்கமாக எவ்வளவு ஆடுகிறார் என்று பார்த்து, அவருக்குச் சில அடிகளைத் தள்ளுபடியாகக் கொடுக்கிறார்கள். ஒருவருக்குத் தள்ளுபடி 10. அவர் 85 அடியில் முடித்தால் கணக்கு 75. இன்னொருவர் புதியவர், தள்ளுபடி 36. அவர் 110 அடியில் முடித்தால் கணக்கு 74. வென்றவர் புதியவர்! 2020-இல் நடப்புக்கு வந்த உலகப் பொதுமுறையில் இந்தத் தள்ளுபடி 54 வரை போகலாம். குழிக்கு மூன்று அடி! இதை யாரும் பிச்சை என்று சொல்வதில்லை, வாங்குகிறவரும் வெட்கப்படுவதில்லை. ஆட்டம் தேறத்தேற தள்ளுபடி தானாகக் குறையும். தன் தள்ளுபடி குறைந்தது என்று விருந்து வைக்கிறவர்களும் உண்டு.

நம் வீட்டுப் பிள்ளையின் விஷயத்தில் நாம் இப்படியா நடந்துகொள்கிறோம்? ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒருமுறை கணக்கில் குறைந்த புள்ளி எடுத்துவிட்டால், "உனக்கு மண்டையில் ஏறாது, வேலைக்குப் போ" என்று சொன்ன வீடுகள் எத்தனை? பெரிய கிராணி பிள்ளையும் பட்டணத்துப் பிள்ளையும் டியூஷன் வைத்து மூன்று முறை தவறிப் படிக்கும்போது, நம் பிள்ளைக்கு மட்டும் ஒரே அடியில் குழி விழ வேண்டுமா? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, சில இடங்களில் தோட்டமே வீடமைப்பாகவும் கோல்ப் திடலாகவும் மாறிவிட்ட காலம் இது. நம் பிள்ளைகள் புதிதாகக் கற்க வேண்டியவை ஏராளம். முதல் ஆண்டில் தடுமாறத்தான் செய்வார்கள்.

நம் பையன்கள் முன்பு இத்தகைய திடல்களுக்குப் பை தூக்கத்தான் போனார்கள். 'கேடி' என்று அவர்களுக்குப் பெயர். தமிழில் அதற்கு வேறு பொருள் என்பதால் அம்மாமார் முகம் சுளித்ததும் உண்டு! ஆனால் எம். ராமையா, பி. குணசேகரன் போன்றோர் தொழில்முறை ஆட்டக்காரர்களாகி நம் நாட்டுக்குப் பேர் வாங்கித் தந்தார்கள். பிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளியினர் விஜய் சிங்கைப் பாருங்கள். 1980-களில் போர்னியோவில் பயிற்றுநராக இருந்தவர், வெயில் பாராமல் நாள்தோறும் பந்தடித்துப் பழகினார். 2000-இல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். 2004-இல் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் ஆனார்.

ஆகவே, அடுத்த விடுமுறையில் கேமரன் மலைக்குப் போகும்போது திடல் பக்கத்தில் சற்று நில்லுங்கள். ஆடுகிறவருக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நில்லுங்கள். அடிக்கும்போது பேச வேண்டாம். "ஃபோர்!" என்று யாராவது கத்தினால், பந்து உங்கள் பக்கம் வருகிறது என்று அர்த்தம், தலையை மூடிக்கொண்டு குனியுங்கள். குளிருக்கு ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு, தடுமாறும் அந்தப் புது ஆட்டக்காரரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். பிறகு, நீங்கள் பால்வெட்டவோ, கொழுந்து கிள்ளவோ, தையல் பழகவோ தொடங்கிய முதல் வாரத்தில் என்னவெல்லாம் நடந்தது என்பதைச் சொல்லுங்கள். மலை இறங்கும் வழியெல்லாம் அவர்கள் கேட்டுக்கொண்டே வருவார்கள்.