குரல் வாக்கெடுப்பில் காணாமல் போகிறவர்கள்

சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மதிப்பெண் போடும் பழக்கம் பரவிவிட்டது. எத்தனை நாள் அவைக்கு வந்தார், எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை முறை பேசினார் என்று கூட்டி, நூற்றுக்கு இத்தனை என்று ஓர் அட்டவணை. திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு தம்பி, தான் வேலை பார்க்கும் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார். 2023-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் வந்த தொழிற்சாலைகள் திருத்த மசோதா பற்றி அதில் ஒரே ஒரு வரி: ஒருமனதாக நிறைவேறியது. ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். "குரல் வாக்கெடுப்புன்னுதான் ஐயா இருந்துச்சு" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மசோதா நிறைவேறிய 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள் என்று அன்றைய ஆளும் கட்சியான தி.மு.க.வின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. மூன்றாம் நாள் தொழிற்சங்கங்களோடு பேசி மசோதாவை நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று அப்போதைய முதலமைச்சரே திரும்பப் பெற்றதாக அறிவித்தார். இவ்வளவும் 'ஒருமனதாக' என்ற ஒரு சொல்லுக்குள் காணாமல் போய்விட்டது.

தம்பி படித்தது அமெரிக்காவில். அங்கே பெயர் சொல்லி வாக்கெடுப்பு நடந்தால், யார் எந்தப் பக்கம் என்று பதிவு இருக்கும். காசு வாங்கிக்கொண்டு உறுப்பினர்களைப் போய்ப் பார்க்கிறவர்கள் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, யாருக்காக, எந்த மசோதாவுக்காக, எவ்வளவு தொகைக்கு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். இங்கே அப்படி ஒரு சட்டம் கிடையாது. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறினால் பதவியே போய்விடும். வாக்கை வைத்து உறுப்பினரைப் படிக்க நினைப்பது இங்கே வீண் வேலை. சட்டத்தைத்தான் படிக்க வேண்டும்.

அதைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், சென்னையில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் மசோதாக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பெரியவர். நோக்க காரண விளக்கத்தைக் கடைசியில்தான் படிக்க விடுவார். முதலில் மூலச் சட்டத்தை விரித்து வைத்து, திருத்தத்தைப் பென்சிலால் அதற்குள் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அவர் உரக்கப் படிப்பார், நான் விரல் வைத்துப் பின்தொடர வேண்டும். ஒரு பிரிவு எண் வந்தால் அங்கேயே நிறுத்தி, அந்தப் பிரிவைத் திருப்பிப் படித்துவிட்டுத்தான் மேலே போவார். எண்ணைத் தாண்டிப் போகிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்பது அவர் கட்சி. அவசரம் என்று நான் முனகினால் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். அந்தப் பிடிவாதத்துக்கு இன்றைக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

2023 மசோதாவை அவர் முறையில் படித்துப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்று புதிதாக ஒரு பிரிவு. எந்தத் தொழிற்சாலைக்கும் 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து அரசு விலக்கு கொடுக்கலாம். படிக்கிறவருக்கு இது வெறும் எண் வரிசை. 51 வாரத்துக்கு 48 மணி நேரம், 52 வார விடுமுறை, 54 ஒரு நாளைக்கு 9 மணி நேரம், 55 இடைவேளை, 56 வேலை நேரமும் இடைவேளையும் சேர்ந்த மொத்தப் பொழுது. கடைசியில் நிற்கிற 59தான் ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். தலைப்புச் செய்தி ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலை என்பதோடு நின்றுவிட்டது. தொழிலாளியின் சம்பளக் கவரில் கை வைக்கக்கூடிய எண், வரிசையின் வாலில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் நோக்க காரண விளக்கம். நெகிழ்வான வேலை நேரம் வேண்டும் என்று தொழில் நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும் கோரிக்கை வைத்தன என்று அங்கே எழுதியிருந்தது. எந்த நிறுவனம், எந்தச் சங்கம் என்று இல்லை. என் காலம் முழுவதும் என்னை மிகவும் அலைக்கழித்தது இந்த மாதிரி வாக்கியம்தான். கோரிக்கை வந்தது என்று அரசே ஒப்புக்கொள்கிறது, கோரியவரின் பெயரை மட்டும் சொல்வதில்லை.

அந்தப் பெயரைத் தேடுவதில்தான் இந்த வேலையின் பாதிப் பொழுது போகும். தொழில் துறை மானியக் கோரிக்கையின்போது வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு, அமைச்சரின் பதிலுரை, வர்த்தக சபைகளின் ஆண்டறிக்கை, பட்ஜெட்டுக்கு முன்னால் அவர்கள் கொடுக்கும் மனு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து மாநிலத்தில் அதே பொருளில் என்ன வந்தது என்றும் பார்க்க வேண்டும். 2023 பிப்ரவரியில் கர்நாடகம் வேலை நேரத்தை நீட்டித் தன் சட்டத்தைத் திருத்தியது. அதன் பின்னால் ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் இருந்ததாக மார்ச்சில் பைனான்சியல் டைம்ஸ் எழுதியது. ஏப்ரலில் இங்கே மசோதா. இந்த மூன்று மாதங்களை ஒரே தாளில் வரிசையாக எழுதிவைத்தாலே, அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துவிடும். இன்றைய பிள்ளைகள் மசோதாவைக் கணினியிடம் கொடுத்துச் சுருக்கம் வாங்குகிறார்கள். சுருக்கத்தில் முதலில் உதிர்வது அந்த ஆறு எண்கள்தான்.

நூறு வருஷத்துக்கு முந்திய ஆவணங்கள் இதைவிட மேல் என்று சொன்னால் தம்பி நம்பவில்லை. பனகல் அரசர் கொண்டுவந்த இந்து அறநிலைய மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1925-இல் சட்டமாகி, செல்லுமா என்று சந்தேகம் எழுந்து, 1927-இல் மறுபடி நிறைவேறியது. சத்தியமூர்த்தி எதற்காக எதிர்த்தார் என்பது அவர் வாயாலேயே பதிவாகியிருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கொண்டுவந்த தேவதாசிகள் பற்றிய திருத்தம் 1929-இல் நிறைவேறியது. தேவதாசிகள் சங்கம் கூட்டி அதை எதிர்த்து அனுப்பிய விண்ணப்பங்களை இன்றும் படிக்கலாம். அவர்கள் சொன்னதை ஏற்காதவரும் அவர்கள் யார், என்ன வாதாடினார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். முத்துலட்சுமியே தம் சட்டமன்ற அனுபவத்தை 1930-இல் தனி நூலாக எழுதிவைத்தார். இன்றைய உறுப்பினர் யாராவது அப்படி எழுதுகிறாரா? மசோதாவைச் செலக்ட் கமிட்டிக்கு அனுப்புவதே அபூர்வமாகிவிட்டது. கூட்டத்தொடரின் கடைசி நாளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவிடுகிறார்கள். மாறுபட்ட கருத்தை எழுதிவைக்க இடமே இல்லாதபோது ஆய்வாளன் எதைப் புரட்டுவான்?

இது சென்னைக்காரர்கள் கவலை என்று திருவண்ணாமலையில் யாரும் நினைக்கக் கூடாது. ரமணாசிரமத்து மாத்ருபூதேஸ்வரர் சன்னதி அறநிலையச் சட்டம் சொல்கிற கோயில்தானா என்ற கேள்வியே சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சட்டத்தின் பொருள் விளக்கப் பிரிவில் ஒரு சொல் கூடினால், குறைந்தால், ஒரு நிறுவனத்தின் நிர்வாகம் கை மாறும்.

நம் மாவட்டத்துச் செய்யாறு மேல்மா இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. அங்கே சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பது 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின் கீழ். அது தி.மு.க. ஆட்சியில் வந்தது. 2013-இல் மத்திய நில எடுப்புச் சட்டம் வந்த பிறகு அது செல்லாது என்று 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது. அதே மாதம் அ.தி.மு.க. ஆட்சி மசோதா கொண்டுவந்து, 2013 செப்டம்பரிலிருந்தே செல்லும்படி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2023-இல் மறுபடி தி.மு.க. ஆட்சியில் மேல்மா விவசாயிகள் நிலம் தர மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். நவம்பரில் போராடியவர்களில் ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு பேர் மேல் இருந்ததைத் திரும்பப் பெற்றார்கள். உறுப்பினருக்கு மதிப்பெண் போட்டால் இந்தக் கோடு கண்ணில் படாது. ஆட்சி மாறினாலும் சட்டம் யாருக்குப் பயன்பட வேண்டுமோ அவர்களுக்கே பயன்பட்டுக்கொண்டிருந்தது.

நான் கேட்பது பேரவை விதிகளில் ஒரே ஒரு சேர்க்கை. நோக்க காரண விளக்கத்தில் கோரிக்கைகள் வந்தன என்று எழுதினால், அந்தக் கோரிக்கைக் கடிதங்களை, தேதியோடும் கையெழுத்தோடும், மசோதாவுடன் சேர்த்து அவையில் வைக்க வேண்டும். தொழிலாளியும் விவசாயியும் கொடுக்கும் மனுவில் பெயர், ஊர், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. மற்றவர்களுக்கும் அதே விதி இருக்கட்டும்.