தண்டவாளம் இல்லாத ஊரில்

இரயில்வே எழுத்தனாகிய யான், தண்டவாளமே இல்லாத ஊர் ஒன்றிற்குச் சென்ற தை மாதத்தில் போய்வந்தேன். சென்னையில் கப்பலேறி, ஏறக்குறைய மூன்று நாட்கள் கழிந்தபின் போர்ட் பிளேரை அடைந்தேன். 2024ஆம் ஆண்டு முதல் அவ்வூருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.

ஊர் பார்ப்பது என் நோக்கமன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை என் அத்தானைக் கொண்டு சென்றது. அன்று கைக்குழந்தையாயிருந்த மருமகன், இன்று பழைய பாய்ப்படகு ஒன்றைச் செப்பனிட்டுக் கடலில் செலுத்துகிறானாம். “தம்பி, நீ வந்து தடுத்தால்தான் உண்டு” என்று தமக்கையார் எழுதியிருந்தார்.

படகு, இளைப்பாறிய மாலுமி ஒருவருடையது; இருபத்தைந்து அடி நீளம். கண்ணாடியிழையும் பிசினும் சேர்த்து வார்த்தது. நம் மீனவர்கள் ‘பைபர்’ என்பது இதனையே. மரம்போல் உளுத்துப் போகாது, கப்பற்புழுவும் அரிக்காது. ஆயினும் முதுமை இதற்கும் உண்டு. மேல்தட்டின் ஆணித் துளைகளில் நீர் கசிந்து உள்ளிருக்கும் மரம் இற்றுவிடும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் வெளியே பளபளத்துக்கொண்டே விரிசல் காணும். கம்பிகள் அனைத்தையும் மருமகன் மாற்றியிருந்தான். சிறு சுத்தியால் தட்டைத் தட்டி, ஒலி மந்தமான இடங்களில் சுண்ணக்கட்டியால் குறியிட்டான். நிலையத்தில் வண்டிச் சக்கரங்களைத் தட்டிப் பார்க்கும் பரிசோதகர் என் நினைவிற்கு வந்தார்.

“இராணுவப் பொறியாளர்கள் 1985இல் ‘திரிஷ்ணா’ என்னும் 37 அடிப் படகில் புறப்பட்டு, 1987இல் உலகைச் சுற்றி முடித்தார்கள், மாமா. அதுவும் பைபர்தான்” என்றான்.

மறுநாள் வாடைக் காற்றில் பாய் விரித்தோம். எஞ்சின் ஓசை இல்லை. நீர் பிளக்கும் ஒலி மட்டுமே. முன்னாளில் ராஸ் தீவு எனப்பட்ட நேதாஜி தீவு அருகே வந்தது. தடுக்க வந்தவன் என்பதையே மறந்தேன். “இன்னும் சிறிது தூரம் போகலாமே” என்றேன்.

அவன் கீழ்வானைச் சுட்டினான். அங்கே கருமேகம் திரண்டிருந்தது. “வேண்டாம், மாமா. அம்மா கரையில் காத்திருப்பாள்” என்று சுக்கானைத் திருப்பினான்.

துறையில் தமக்கையார் நின்றிருந்தார். “சொன்னாயா, தம்பி?” என்று வினவினார்.

“நான் போகலாம் என்றேன், அக்கா. அவன்தான் திரும்பினான்” என்றேன்.

அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாட் காலை, படகிற்குப் புறப்பட்ட மகனிடம் கட்டுச்சோறு ஒன்றைக் கொடுத்தார். இதற்குமுன் ஒருநாளும் அவர் கொடுத்ததில்லை என்று அவன் பின்னர்ச் சொன்னான்.