சாயம் போகும் சட்டை

ஒருவனுடைய குட்டு உடைந்துவிட்டால், "அவன் சாயம் வெளுத்துவிட்டது" என்கிறோம். ஜவுளிக்கடையில் நம் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான்: "சாயம் போகாதே?" விலை, அகலம் எல்லாம் அதற்கு அப்புறந்தான். நம் பாஷையில், சாயம் போகிற துணியும் வாக்குத் தவறுகிற மனிதனும் ஒரே இனம்.

ஆகவே, சாயம் போகும் என்று உத்தரவாதம் கொடுத்தே சட்டை விற்ற தேசம் ஒன்று உண்டு என்றால் நேயர்கள் நம்பத் தயங்குவார்கள். 1958-ஆம் ஆண்டில் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவர் சென்னைக்கு வந்து, கண்ணூர்க்காரரான கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் கட்டம் போட்ட கைத்தறித் துணியை ஆயிரக்கணக்கான கெஜம் வாங்கிப் போனார். பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர் இதே நாயர்தான். பச்சைத் தண்ணீரில் பதமாக அலச வேண்டும் என்று சொல்லி அனுப்பினாராம். அந்தச் சொல் நியூயார்க்கிலிருந்த புரூக்ஸ் பிரதர்ஸ் கடையின் கல்லாவைத் தாண்டி வாடிக்கைக்காரரிடம் போய்ச் சேரவில்லை. அவர்கள் சட்டையைச் சலவை யந்திரத்தில் போட்டார்கள். சிவப்பும் நீலமும் ஒன்றோடொன்று கலந்து, கூடக் கிடந்த வெள்ளைத் துணிகளிலும் குடியேறிவிட்டன. வக்கீல் வரைக்கும் விஷயம் போயிற்று. அப்புறம் 'செவன்டீன்' என்ற பத்திரிகை, ஒவ்வொரு சலவைக்கும் புது நிறம் காட்டுகிற மதராஸ் அதிசயம் என்று எழுதியதும், குறை கேட்டு வந்தவர்களே இன்னொன்று கேட்டு வந்தார்கள். நாயர் பிற்காலத்தில் சொல்லி வந்த கதை இது. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். கதை எழுதிப் பிழைக்கிறவன் அதைக் குற்றமாகச் சொல்வது நியாயமல்ல.

அந்தச் சட்டையை மோகித்துப் போட்டவர்கள் அங்கே பெரிய இடத்துக் கல்லூரிப் பிள்ளைகள். எட்டுப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்காக 1954-இல் சேர்ந்து 'ஐவி லீக்' என்று பெயர் வைத்துக்கொண்டன. உடுப்புக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. எட்டில் ஒன்றான யேலுக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை நம் புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர். 1718-இல் அவர் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கை விற்றுத்தான் அந்தக் கல்லூரிக்குக் கட்டடம் எழும்பியது. மதராஸ் அவர்களுக்கு அந்நியமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அப்பாவின் நரைத்த மதராஸ் சட்டையை மகன் கேட்டு வாங்கிப் போடுவது கௌரவமாம்.

இங்கே எப்படி என்பதைத் தொப்பூரில் பார்த்தேன்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில், லாரிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற கணவாய் ஊர் அது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அங்கே எனக்கு நண்பர். பூர்விகம் குடியாத்தம், வாத்தியார் உத்தியோகம் தொப்பூரில் இறக்கிவிட்டது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர அவர் உடம்பில் வேறொன்றை நான் கண்டதில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அன்றைக்கு வந்திருந்தான். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாய்க் கட்டம் போட்ட சட்டை.

"பாருங்க சார், கைலியை வெட்டிச் சட்டை தைச்சுக்கிட்டு வந்திருக்கான்!" என்றார் நண்பர்.

"அப்பா, இது மெட்ராஸ். நாலாயிரம் ரூபாய்."

"மெட்ராஸ்லே இதுக்கு என்னடா பேரு? கைலிதானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. மகன் கொல்லைப் பக்கம் போனபின் தணிந்த குரலில் சொன்னார்: "எங்கப்பா குழித்தறியிலே நாப்பது வருஷம் இந்தக் கட்டத்தைத்தான் நெய்தார். அதிலே ஒரு முழம் அவர் சட்டையாப் போட்டதில்லை. பாவும் நூலும் முதலாளியோடது, கடனும் முதலாளிக்கிட்டே. பள்ளிக்கூடத்துக்கு என்னை வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பினார், அவ்வளவுதான். அந்தக் குழியிலேருந்து நான் ஏறி வந்தது இந்த வெள்ளையைப் பிடிச்சுக்கிட்டு, சார்."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? பையன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டம் அவனுக்குக் கடனை நினைவூட்டாது, வெறும் அழகு. பாட்டன் நெய்ததைப் பேரன் உடுத்துகிறான் என்று நானே ஒரு வார்த்தை சமாதானமாகச் சொல்லிப் பார்த்தேன். "அவர் நெய்ததுக்குக் கெஜத்துக்கு எவ்வளவு கூலின்னு அவனைக் கேளுங்க" என்று வாயை அடைத்துவிட்டார். மகன் திரும்பி வந்ததும் நான் கேட்கவில்லை. தெரியாது என்று எனக்கே தெரிந்தது.

காப்பி வந்தது. மகன் என்னிடம், இது சுத்தமான கைத்தறி, துவைக்கத் துவைக்கத்தான் அழகு கூடும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். நண்பர் சட்டென்று கையை நீட்டி, சட்டையின் கீழ்முனையை எடுத்துக் கட்டைவிரலால் நெருடினார். பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மில் துணிடா. கைத்தறின்னா ஊடை இப்படி நூல் பிசகாம ஓடாது. சாயமும் போகாது, பயப்படாதே."

பையன் முகம் விழுந்துவிட்டது. தகப்பனார் அதைக் கவனித்தாரோ என்னவோ, சட்டைப் பையின் ஓரத்தை விரலால் தடவினார்.

"பாக்கெட்டிலே கட்டம் மட்டும் கோடு தப்பாம சேர்ந்திருக்கு. தைச்சவன் கெட்டிக்காரன்" என்றார்.